அகராதி பிடித்தவர்

அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். ஆங்கிலச் சொற்கள் ஏராளமாகத் தெரிந்தவர் என்பதால் வைத்த பெயர் என்று நம்பிவந்தார். வைத்தவர்கள் திருத்தவில்லை; அவர்கள் கேட்கும் லீவெல்லாம் அவர் கையெழுத்தில் அல்லவா இருந்தது.

மகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாதிரித் தேர்வில் கணக்கு கைகொடுத்தது. ஆங்கிலச் சொற்கள் காலை வாரிவிட்டன. அதைச் சரிக்கட்டாவிட்டால் அவள் ஆசைப்பட்ட கட்டடக்கலைப் படிப்பு கைக்கு எட்டாது. ஆகவே மனைவி, மகள் சகிதம் அகராதி புத்தகக் கடைக்குப் படையெடுத்தார்.

மகள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். உள்ளே சொல் அட்டைகள். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருளும் ஒரு கோட்டுப் படமும்.

"இது பசங்க விளையாடற சீட்டுக்கட்டு. படிக்கிற புஸ்தகம் அதோ இருக்கு பாரு" என்றார்.

மேல்தட்டில் இருந்தது அது. படிக்கவும் ஆகும், தலைக்கு வைத்துத் தூங்கவும் ஆகும். மேலட்டை மாறியிருந்தாலும் அவர் அந்தக் காலத்தில் படித்த அதே புத்தகம். கையில் வாங்கியதும் பயிற்சி வகுப்பின் பின்வரிசை நினைவுக்கு வந்தது. காற்றைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் தந்த மின்விசிறி. முன்வரிசையில் திரும்பிப் பார்க்காத ஒரு ரெட்டைச் சடை.

"அந்தக் காலத்துல இதைக் கரைச்சுக் குடிச்சேன். அபேட், அபாமினபிள், அப்ஸ்டீமியஸ்..."

கடைக்காரர் தலையாட்டினார். "வாங்குறவங்க எல்லாருமே ஏ வரைக்கும் பிரமாதமா படிக்கிறாங்க சார். பி-லேர்ந்து புதுசாவே இருக்கும். அதனால பழசா கொடுத்தாலும் தைரியமா எடுத்துக்கறோம்."

"எங்க வீட்டுல அப்படி இல்ல" என்றார் அகராதி.

மகள் புத்தகத்தை நடுவுக்கு அப்பால் பிரித்தாள். "ரெட்டிசென்ட்னா என்னப்பா?"

"எந்த இடத்துல வருதுன்னு சொல்லாம மொட்டையா கேக்கக் கூடாதும்மா."

"சரி, பி-லயே கேக்கறேன். பெனைன்?"

அகராதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெட்டிசென்ட்னா லேசுல வாயைத் திறக்காத ஆளு" என்றாள் மனைவி, வேறெதையோ புரட்டிக்கொண்டே. "உங்கப்பாவை நினைச்சுக்காத."

"அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?"

"பயிற்சி வகுப்புல எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புஸ்தகம்தான். முதுகுல கிழிச்சு ரெண்டாக்கினோம். முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. முடிச்சதும் மாத்திக்கறதா பேச்சு."

"மாத்திக்கிட்டீங்களா?"

"தினம் வருவாரு, மாத்திக்கலாம்னு. கையில புஸ்தகம்தான் இருக்காது. நான் என் பாதியை முடிச்சேன். அவரு ஏ-வை முடிக்கறதுக்குள்ள பொண்ணு கேட்டு எங்கப்பாகிட்ட வந்து நின்னுட்டாரு."

"கணக்குல நல்ல மார்க்" என்றார் அகராதி, யாரும் கேட்காமலே.

மகள் யோசித்தாள். சின்ன வயதில் தன்னை வானத்துக்குத் தூக்கியபோது அடோரபிள். பக்கத்து வீட்டு நாய் அட்ரோஷியஸ். ஆபீஸ் தணிக்கையாளர் அபாமினபிள். அப்பாவின் உலகமே ஒரே எழுத்தில் குடியிருந்திருக்கிறது.

"அப்பா, எனக்கும் இந்தக் குண்டுப் புஸ்தகம் வாங்கினா ஏ-லயே நின்னுடுவேன். அட்டைன்னா கலைச்சுப் போட்டுப் படிக்கலாம். எங்கேர்ந்து வேணா ஆரம்பிக்கலாம்."

அவர் புத்தகத்தை ஒருமுறை முகர்ந்தார். பிறகு தானே மேல்தட்டில் ஏற்றிவைத்தார். "அட்வைசபிள்" என்றார், பெட்டியைக் காட்டி.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள் பரவின. அம்மாவும் அப்பாவும் கேள்வி கேட்பதென்று ஏற்பாடு. மகள் அட்டைகளை அடுக்கி இரண்டாகப் பிரித்து, பின்பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்பாதியை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. மனைவி பக்கம் கையை நீட்டினார்.

"அதைக் கொடேன். மாத்திக்கறதா பேச்சு."

"இப்பத்தான் ஞாபகம் வந்துதா?" என்றாள். ஆனால் கொடுத்தாள்.