மோகனசுந்தரம் தலையாட்டினார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய இசைத்தட்டு ஒன்றின் உறையில் ‘ஒலிப்பதிவு: எம். சுந்தரம், டொராண்டோ, 1974’ என்று பொடி எழுத்தில் பார்த்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி முழுவதும் நான் இட்டுக்கட்டியது. நாலைந்து முறை தொடங்கி விட்டுவிட்டேன்; அலுத்துவிட்டது.

2

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்—

[வேண்டாம். டொராண்டோ என்றால் பனிதானா? ஆகஸ்ட் மாதம், புழுக்கம்.]

ரஸ்ஸல் ஹார்ட்விக் அமெரிக்க ராக் கிடாரிஸ்ட். ஊர் ஊராக வாசித்து விரல் மூட்டுகள் வீங்கிப்போனவர். இப்போதெல்லாம் பிறர் பாட்டுகளுக்குத் தயாரிப்பாளராக உட்கார்ந்து பிழைப்பை ஓட்டுகிறார். அன்று மட்டும் தன் பாட்டுக்குத் தானே வாசிக்க வந்திருந்தார்.

“இன்றைக்கு வாசிப்பு சரியாக வரவில்லையென்றால் இனிக் கிடாரைத் தொடப்போவதில்லை, சுந்தரம்,” என்றார். ஒலிப்பதிவாளர் மோகனசுந்தரம், மதராஸ்காரர், நாடாவை ஓடவிட்டார்.

3

வந்தது. அப்படி வந்தது! மோகனசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘சரியா?’ என்று ரஸ்ஸல் புருவத்தை உயர்த்தினார். மோகனசுந்தரம் தலையாட்டினார்.

[இங்கேதான் என் கதை மாட்டிக்கொண்டது. ‘தலையாட்டினார்’ என்றால் உங்களுக்கும் எனக்கும் சம்மதம். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. கச்சேரியில் சொக்கிப்போனவர் போல இடமும் வலமுமாக ஆட்டினார். அமெரிக்கக் கண்ணுக்கு அது ‘இல்லை’.]

“சரி, அதன் மேலேயே இன்னொன்று எடு,” என்றார் ரஸ்ஸல். சொன்னதைச் செய்துதான் மோகனசுந்தரத்துக்குப் பழக்கம். முதலில் வாசித்தது அழிந்தது. இரண்டாவதில் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ரஸ்ஸல் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

4

“எப்படி ஆட்டினீங்க? ஆட்டிக் காட்டுங்க,” என்றாள் அன்றிரவு வீட்டில் அவர் சொன்னதைக் கேட்ட மனைவி வேதவல்லி. காட்டினார்.

“அட ராமா! இங்க அதுக்கு வேணாம்னு அர்த்தங்க. கடையில பை வேணுமான்னு கேட்டான், நானும் இப்படித்தான் ஆட்டினேன். தக்காளிய முந்தானையில கட்டிக்கிட்டு வந்தேன்!”

சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“என்னன்னு சொல்ல? நானே அழிச்சிட்டேனே, வேதா.”



5

ரஸ்ஸல் சிரித்துவிட்டு மறுபடி வாசித்ததாக ஒரு முடிவு எழுதினேன். அந்த விரல்களை நினைத்து அதை அடித்துவிட்டேன். மோகனசுந்தரம் மறைத்துவிட, ரஸ்ஸல் பெரிய தயாரிப்பாளராகிக் கொடிகட்டிப் பறந்ததாக இன்னொன்று. அதில் மோகனசுந்தரம் பாட்டு கேட்பதையே விட்டுவிட்டார். அதையும் கிழித்தேன்.

என்னால் முடிந்தது இவ்வளவே: மறுநாள் காலை ரஸ்ஸல் வெறுங்கையோடு வந்து, தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து, “நேற்று முதலில் வாசித்தது அவ்வளவு மோசமா?” என்று கேட்கிறார். மோகனசுந்தரம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்; அந்த மனிதர் இரவெல்லாம் தூங்கவில்லை.