தூதன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

வந்த மெசேஜுக்குப் பதில் போடுவது என்றால் என் கணவர் அனிலுக்கு வேப்பங்காய். அதனால்தானோ என்னவோ, ஆயுள் முழுக்க நமக்குப் பதிலாக வேலை பார்க்கும் புரோகிராம்களையே ஆராய்ச்சி செய்தார். மொபைல் ஏஜெண்ட் என்று பெயர். நம் காரியத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஒரு கணினியிலிருந்து கிளம்பும். பாங்கு, ரயில்வே, ஆஸ்பத்திரி என்று இணையத்தில் யாரெல்லாம் கவுண்டர் திறந்து வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் போய், நம் சார்பில் பேசி, முடித்துக்கொண்டு திரும்பி வரும். காக்கநாட்டில் அவருடைய ஆய்வகத்தில் அதற்குத் தூதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் தூதனைத் தம் சொந்தப் போனிலேயே ஓட விட்டார்.

அவருடைய பழைய மெசேஜ்களையெல்லாம் படித்துத் தூதன் அவர் மாதிரியே எழுதக் கற்றுக்கொண்டது. மலையாள எழுத்தில் வீட்டுத் தமிழை எழுதுவது எங்கள் வழக்கம். அது எந்த மெஷினுக்கும் வராது என்று நினைத்திருந்தேன், அதுவும் வந்தது. உண்மையைச் சொன்னால் அவரைவிடப் பிரியமாகவே எழுதியது. அனில் எத்தனை மாறிவிட்டான் என்று என் நாத்தனார் உருகினாள். நான் சிரித்துக்கொண்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. தூதனுக்கு அவர் போட்டிருந்த விதி ஒன்றுதான்: அனில் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தை அவரிடம் கொண்டு வா, மற்றதை நீயே பார்த்துக்கொள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் பிடிவாதம் பிடித்தேன். பத்திரிகையைத் தூதன் கொண்டு போக வேண்டாம், வேண்டியவர்களை நேரில் போய்க் குங்குமம் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். முதல் பத்திரிகை மட்டாஞ்சேரி வெங்கிட்டுவுக்கு என்றார் அனில். இருவரும் அங்கே செர்லாய்ப் பகுதியில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே சைக்கிளில் காலேஜுக்குப் போனவர்கள். எனக்கு அவர் வெங்கிட்டு அண்ணா, அவர் மனைவி சீதாலக்ஷ்மி மன்னி. நாங்கள் காக்கநாட்டுக்குக் குடிபோன பிறகு பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. போக்குவரத்தெல்லாம் அனிலின் போன் வழியாகத்தான்.

வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. வெங்கிட்டு அண்ணா வீட்டு வாசலில், அனில் பக்கத்தில் நிற்க, பட்டுப் புடவையைச் சரி செய்துகொண்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த மன்னியின் நெற்றியில் பொட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் வெங்கிட்டு அண்ணாவின் படம், அதற்கு மாலை.

தட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அண்ணா போனதே தெரியாமல், துக்க வீட்டு வாசலில், கல்யாணக் குங்குமத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் வேறு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

மன்னி தட்டைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நீங்கோ வருவேள்னு எனக்கு அறியும். எல்லாம் தெரிஞ்சுண்டும் குங்குமத்தோட வந்தேளே, வேற யாருக்கு இந்த மனசு வரும்?"

உள்ளே உட்கார வைத்து மளமளவென்று பேசினாள். அண்ணா போன அன்று அவள் அனுப்பிய செய்திக்கு முதலில் வந்த பதில் அனிலுடையதாம். வெங்கிட்டு இல்லாத செர்லாய் எனக்கு ஊரே இல்லை என்று எழுதியிருந்தாராம். அழுகை வரும்போதெல்லாம் அதை எடுத்துப் படிப்பாளாம். விசேஷம் என்றால் சொந்தக்காரர்களே இப்போது அவள் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அடுத்த தெருவில் நடந்த சீமந்தத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. சொல்லிக்கொண்டே சிமிழைத் திறந்தாள். குங்குமத்தை எடுத்து, அண்ணாவின் படத்தைப் பார்த்தபடி நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

நான் அனிலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். சாவுச் செய்தியில் அனில் தீர்மானிக்க என்ன இருக்கிறது? தூதன் விதிப்படி தானே பதில் போட்டுவிட்டு, காரியம் முடிந்ததென்று மூடி வைத்துவிட்டது. எனக்குப் புரிந்தபோதே அவருக்கும் புரிந்துவிட்டது. பேசாமல் எழுந்து வந்திருந்தால் நல்ல பெயரோடு வந்திருக்கலாம். அப்படியே செய்யட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் மன்னி நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணாவே அனிலுக்கு, ஒரு தடவை வந்துவிட்டுப் போடா என்று அனுப்பினாராம். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வரேன் என்று உடனே பதில் வந்ததாம்.

"ஓணம் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை. கார்த்தாலயே ஷேவ் பண்ணிவிடச் சொன்னார்," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துண்டு கிடந்தார். போட்டும், உங்களுக்குத் தெரக்கா இருந்திருக்கும்."

அந்த ஞாயிறு எனக்கு நினைவிருக்கிறது. ஒரு தெரக்கும் இல்லை, அவசர வேலையும் இல்லை. அனில் வீட்டில் உட்கார்ந்து தூதனைப் பற்றிய கட்டுரைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார், நான் நேந்திரம்பழ பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். அவருடைய காலண்டரில் அந்த நாள் காலி என்று கண்டு தூதன் தானே ஒப்புக்கொண்டு, அதில் குறித்தும் வைத்திருக்கும். அவர் அதைத் திறந்து பார்த்தால்தானே?

அனில் தலை நிமிர்ந்து மன்னியைப் பார்த்தார்.

"சீதா, அது நான் எழுதினதில்லே. வரேன்னு சொன்னதும் நானில்லே. போன்ல நான் வெச்சிருக்கற ஒரு புரோகிராம். வெங்கிட்டு போனதே எனக்கு இந்த வாசல்ல நின்னப்போதான் தெரிஞ்சுது."

மன்னிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். மேடைகளில் கைதட்டல் வாங்கித் தரும் அதே விளக்கம்தான், அந்தக் கூடத்தில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு மன்னி என் பக்கம் திரும்பினாள். அப்படியானால் இந்தக் குங்குமம்? என்றாள். தெரியாமல்தான் கொண்டு வந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் கோபப்படவில்லை, எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்குச் சாயா கொண்டு வந்தபோது நெற்றி ஈரமாக இருந்தது. குங்குமம் இல்லை.

அந்தச் சாயாவை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள். அனில் மேல் வந்த ஆத்திரம் என் மேலும் திரும்பியது. நாத்தனாரிடம் சிரித்து மழுப்பியவள் நான்தானே. சிமிழை எடுத்துக்கொண்டு மன்னியின் முன்னால் போய் நின்றேன்.

"இப்போ தெரிஞ்சுண்டே தரேன், மன்னி. எங்காத்துக் கல்யாணத்துக்கு நீங்கோதான் முன்னாடி நிக்கணும்."

மன்னி சிமிழை மூடி என் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"இன்னிக்கு வேண்டாம், ஸுப்ரியா. இன்னொரு நாள் வா, அனிலையும் கூட்டிண்டு வா," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா வரேன்னு முன்னாடி சொல்ல வேண்டாம். வந்தாப் போறும்."