கிடைக்காதவற்றின் கொப்பி

பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஆராய்ச்சி வலையமைப்பில் இனி வேறு யாரைச் சேர்ப்பது? அதற்குக் கொழும்பில் ஒரு பொது விசாரணை வைத்தார்கள். உள்ளே இருப்பவருக்கு ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகத் திறக்கும். வெளியே நிற்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியதுதான். விதிகளை எழுதியவன் வெள்ளவத்தை ராகுலன். விண்ணப்பத்தில் 'கலாநிதிப் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்?' என்ற கேள்வியும் அவன் போட்டதே. மூளைசாலி, ஆனால் ஒரு தெரு நூலகத்துக்குள் கால் வைத்தவனில்லை.

கொட்டாஞ்சேனையில் நூலகம் நடத்தும் பைறோஸா அதற்கு 'ஒருவருமில்லை' என்று எழுதியிருந்தார். வேறு யாரும் என்றால் நாலு பேரையாவது கூட்டிச் சேர்த்திருப்பார்கள்!

விசாரணைக்கு வந்த பைறோஸா ஒரு கொப்பியை மேசையில் வைத்தார். தேடியது கிடைக்காமல் திரும்புகிறவர், எதைத் தேடினார் என்று அதில் எழுதிவிட்டுப் போவது அவருடைய நூலகத்தின் வழக்கம். ராகுலன் ஏனோதானோவென்று புரட்டினான். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத் தொழிலாளி ஒருவர், எரிபொருள் ஆவி நுரையீரலை என்ன செய்யும் என்ற கட்டுரையை மூன்று தடவை கேட்டிருந்தார். மாக்ரெட் என்ற தாய், தன் பிள்ளையின் இரத்த நோய்க்கு வந்த புது மருந்தைப் பற்றி ஒன்பது தடவை. ராகுலனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

விசாரணைக் குழுத் தலைவர் சிவானந்தனும் இளகினார். "சரி அம்மா, உங்கட லைப்ரரிக்கு மட்டும் விசேஷமாத் தாறம். இதில கையெழுத்துப் போடுங்கோ."

"எங்களுக்கு மட்டும் வாணாம் சேர். மாக்ரெட் வத்தளையில ஈந்து ரெண்டு பஸ் ஏறி வாற. அவட ஊட்டுக்குப் பக்கத்திலயும் லைப்ரரி ஈக்கிது. எல்லா லைப்ரரிக்கும் தாங்க."

"பிடிவாதம் பிடிச்சா இதுவும் இல்லாமப் போயிடும்!"

"தெரியும் சேர்." பைறோஸா கையெழுத்துத் தாளைத் திருப்பித் தள்ளினார். "இப்பிடிச் சொல்லச் சொல்லி அனுப்பினதே மாக்ரெட்தான். அவட புள்ள ஈக்கிற ஆஸ்பத்திரி வாட்டுக்கு மத்தத் தாய்மாரு புத்தளத்தில ஈந்தும் வாறாங்களாம்."

என்ன மனுஷிகள் அப்பா இவர்கள்! ராகுலன் எழுந்தான்.

"பிழை என்ர, சேர். ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் ஆரெண்டு தெரியாமலே விதி எழுதிப்போட்டன்."

தன் கேள்வியைத் தானே வெட்டி, 'எல்லாப் பொது நூலகங்களும்' என்று எழுதி நீட்டினான். சிவானந்தன் வாசித்தார், வாக்கெடுப்புக்கு விட்டார். ஏழு பேரில் ஐந்து பேர் கை உயர்த்தினார்கள்.

பைறோஸா அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"மாக்ரெட், வேல முடிஞ்சிச்சு! இனி நீ என்ட லைப்ரரிக்கு வரவே வாணாம்!" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.