கட்டிலில் படுத்திருந்த கடன்

மூன்றாவது மாடியில் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் அந்த வருஷம் நான்கு கடன்கள் குடியிருந்தன. அவற்றில் பெரியது, மெக்கானிக்கின் ஒன்பது வயது மகளுடைய கட்டிலில் படுத்திருந்தது. எங்கள் கட்டடத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. இரண்டாவது மாடியில் ஒருவர் வீட்டுக் குளியலறை ஒழுகலுக்கு வாங்கிய கடன் வருஷக்கணக்காகப் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. தரைத்தளத்து டியூஷன் டீச்சரின் ஸ்கூட்டர் கடன் அவருக்கே துணி மடித்துக் கொடுத்தது. கடன் வாங்கினால் கடன் வீட்டுக்கு வரும், வந்தால் தங்கும், அதில் பேச என்ன இருக்கிறது? மெக்கானிக் வீட்டில் அளவு கொஞ்சம் மீறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தால் ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்கத்தான் செய்வார்கள்.

முதலில் வந்தவர் கார்டுக்காரர். கிரெடிட் கார்டைத் தேய்த்து ஃபிரிட்ஜ் வாங்கிய அன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலேயே படியேறி வந்தார். ஒடிசலான உடம்பு, படிய வாரிய தலை, கையில் சின்னப் பெட்டி. உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். மெக்கானிக்கின் மனைவி பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வரிசைச் சீட்டு கொடுப்பவள். டோக்கன் அக்கா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். வந்தவருக்கு வாய் நனைக்க ஏதாவது கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. மாதா மாதம் கார்டுக்காரருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். "குறைஞ்சபட்சம் இது போதும்மா, சாப்பாடெல்லாம் எதுக்கு" என்று அவரும் பெரிய மனது பண்ணினார். வெறும் டீயைக் குடித்துக் குடித்தே ஆள் பெருத்தார். அடுத்த மழைக்காலத்தில் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது ஆஸ்பத்திரிக் கடன் வந்தது. அது ஒரு நடுவயது அம்மாள், வாயே திறக்கமாட்டாள், ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். பிறகு போன் கடன் வந்தது. விசில் அடித்துக்கொண்டே இருக்கும் ஒல்லி ஆசாமி; ஃபிரிட்ஜின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். நான்காவதைக் கூட்டி வந்தவன் டோக்கன் அக்காவின் தம்பி. மீன் தொட்டிக் கடை வைக்கப்போகிறேன், ஜாமீன் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான். மச்சானுக்கு எந்த மனிதர் முடியாது என்று சொல்லியிருக்கிறார்? ஆழம் தெரியாமல் காலை விட்டார் மெக்கானிக். வாஷிங் மெஷின் மூடியின் மேல் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுசோறு வாங்கினார். மீன்கள் செத்தன, கடை மூடியது, தம்பியின் போன் அணைந்தது. அடுத்த வாரம் ஜாமீன் பெரியவர் வந்துசேர்ந்தார். பெட்டி இல்லை, செருப்பு இல்லை, முனகல் மட்டும் இருந்தது. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்னப்பெண்ணின் கட்டிலில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டார்.

மகள் முதலில் தரையில் படுத்தாள், பிறகு சமையலறைக்குப் போனாள். பெரியவர் முனகுகிற முனகலில் அவளுக்குப் பாடம் ஏறவில்லை. பஸ்ஸில் அரை நாள் தூரத்திலிருந்து மெக்கானிக்கின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்டா. ரெண்டு மாசத்துல இவங்கள எல்லாம் கிளப்பிட்டு வந்து கூட்டிக்கோ" என்று கையோடு அழைத்துப் போய்விட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளிகளுக்கு அந்தப் பழமொழியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதம் இரண்டு வருஷமானது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் மகள் முதலில் கேட்பது, "என் கட்டில் காலியாச்சா?" என்பதுதான். ஒரு ஞாயிறு அவள் அதைக் கேட்கவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்றாள், "உங்க வீட்டுக்கு எப்ப வரட்டும்?" என்றாள். டோக்கன் அக்கா ஏதோ பதில் சொல்லிப் போனை வைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உங்க வீடு என்று சொல்லிவிட்டது பிள்ளை. அது திரும்பவும் நம்ம வீடு என்று சொல்லுமா, சொல்ல இன்னும் நாள் இருக்கிறதா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் அனுப்புகிறோம் என்றாள்.

அனுப்புவது எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. டீயோடு நிறுத்தினால் கடன் பெருக்கும். வயிறு நிறையச் சோறு போட்டால் இளைக்கும். இளைத்து இளைத்து, துணி மாட்டும் கம்பி போல ஆனதும் தானே எழுந்து போய்விடும். ஆனால் நான்கு பேருக்கும் முழுச் சாப்பாடு போட இரண்டு சம்பளம் காணாது. யாருக்கு முதலில் போடுவது என்பதில்தான் சண்டை. மெக்கானிக், வேகமாகப் பெருக்கிற கார்டுக்காரர்தான் முதலில் என்றார். "லிஃப்ட்ல மணி அடிச்சா கனமான ஆளத்தான் இறக்கணும். ஒல்லியா இருக்கறவன இறக்கி என்ன பிரயோஜனம்?" டோக்கன் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க ஆஸ்பத்திரியில கூட்டம் சேர்ந்துட்டா சின்ன வேலைக்காரங்களத்தான் முதல்ல உள்ள விடுவோம். நாலு நாற்காலி காலியானாத்தான் மத்தவங்களுக்குப் பொறுமை வரும். எனக்கும் வரும்" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மெக்கானிக் சொன்னதுதான் லாபம், அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு முகமாவது வீட்டில் குறைந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும் என்று அவருக்குத் தெரிந்தது. கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, அவள் இஷ்டத்துக்கே விட்டார். நறுக்கியபோது கார்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். டோக்கன் அக்கா நான்கு பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தாள். வரிசை என்று வந்துவிட்டால் கடன்களும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கின்றன.

விசிலடிக்கும் போன் கடனுக்கு முதல் சீட்டு. மற்றவர்கள் டீயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, அவன் ஒருவனுக்கு மட்டும் தட்டு நிறையப் பரிமாறினார்கள். புருஷனும் மனைவியும் மோரைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். சில மாதத்தில் அவன் இளைத்து எழுந்தான், செருப்பை மாட்டினான், வாசலில் நின்று, "போயிட்டு வர்றேங்க்கா" என்றான். டோக்கன் அக்கா வாய்தவறி, "போயிட்டு வாப்பா" என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாருக்கும் அப்படிச் சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எத்தனையோ பல்வலிக்காரர்களை வெறும் தலையாட்டலோடு அனுப்பியவள்தான். வீட்டு வாசல் என்றதும் பழக்கம் விடவில்லை. மறு மாதமே விசில் சத்தம் படியேறி வந்தது. "நீங்கதானேக்கா வரச் சொன்னீங்க" என்று ஃபிரிட்ஜ் மேல் ஏறிப் படுத்துவிட்டான். மறுபடி ஊட்டி, மறுபடி இளைக்கவைத்து, இரண்டாம் தடவை மெக்கானிக் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, தானே சுவரைப் பார்த்துக்கொண்டு "போ" என்றார். அன்று முழுவதும் அவருக்கு மனசு சரியில்லை. வீட்டுக்கு வந்தவனைப் போ என்று சொல்லி வளர்ந்த வாய் இல்லை அது.

வெங்காயம் உரிக்கும் அம்மாள் அடுத்துப் போனாள். எதுவும் சொல்லாமல், உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, போனாள். டோக்கன் அக்கா அவளுக்காகக் கொஞ்சம் அழவும் செய்தாள். கார்டுக்காரர் போகத்தான் நாளானது. அவரை நாற்காலியிலிருந்து பிடுங்க வேண்டாத அளவுக்கு இளைக்க வைப்பதற்குள் மெக்கானிக்கின் தலை நரைத்துவிட்டது.

ஆட்கள் போனார்கள், தடம் போகவில்லை. தவணை தவறிய கடன் வாசலைத் தாண்டினால் படியில் கரிக்காலாக ஒரு தடம் விழும். மெக்கானிக் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம் போன மாதிரி தடங்கள் கிடந்தன. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை, எதற்கும் அசையவில்லை. தவணையில் பொருள் கொடுக்கிற கடைக்காரர்கள் வருவார்கள், குனிந்து படியைப் பார்ப்பார்கள், "அப்புறம் பாக்கலாம் சார்" என்று லிஃப்டுக்குக் கூடக் காத்திருக்காமல் இறங்கிவிடுவார்கள். தடம் அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் பாட்டிலும் பிரஷ்ஷுமாக வந்தார். முன்பணம் வாங்கினார், படிக்குப் படியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார், போய்விட்டார். பெயின்ட் காய்ந்ததும் பழைய தடங்கள் அத்தனையும் மேலே வந்தன. கூடவே புதிதாக ஒன்று, அது அவருடையது. கட்டடம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. மெக்கானிக்கும்தான் சிரித்தார், வேறு என்ன செய்வது?

வழி சொன்னவள் நாலாவது மாடியில் குடியிருந்த பேங்க் அம்மா. "அதெல்லாம் அழிக்க முடியாதுங்க. மேல நல்ல கால் நடக்கணும். நாள் தவறாம போற கால் நடந்தா, கீழ இருக்கறது தானா மங்கிடும்" என்றாள். கடனால் பட்டது போதாதென்று இன்னொரு கடனைக் கூப்பிடுவதா என்று டோக்கன் அக்கா கேட்டாள். சின்னதாகக் கூப்பிடுங்கள், கையில் சோறு தயாராக இருக்கும்போது மட்டும் கூப்பிடுங்கள் என்றாள் பேங்க் அம்மா. மெக்கானிக் வேலை செய்த கம்பெனியின் கூட்டுறவுச் சங்கம் மட்டும் படியைப் பார்க்காமல் ஒரு சின்னக் கடனை அனுப்பிவைத்தது. இஸ்திரிப் பெட்டிக்கான கடன் அது, உள்ளங்கை அகலத்தில் வந்தது. நேரத்துக்குச் சாப்பிட்டது, சொன்ன தேதியில் படியைத் தாண்டிப் போனது. தடம் விழவில்லை. அது மிதித்துப் போன இடத்தில் பழைய கரி ஒரு நூல் வெளுத்திருந்தது. டோக்கன் அக்கா மண்டியிட்டுப் பார்த்தாள், மெக்கானிக்கையும் மண்டியிட வைத்துக் காட்டினாள். அப்புறம் மிக்ஸிக் கடன், அப்புறம் மூக்குக் கண்ணாடிக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகப் போயின. இப்படியே வருஷங்கள் ஓடின.

கட்டிலில் மட்டும் பெரியவர் படுத்திருந்தார். கடைசிச் சீட்டு அவருடையது. ஒரு நாள் தம்பி திரும்பி வந்தான். ஏதோ ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், முகம் கறுத்து, கையில் அரிசி மூட்டையோடு வாசலில் நின்றான். அக்கா அவனை ஒரு அறை அறைந்தாள், பிறகு சாப்பிடச் சொன்னாள். "எனக்கு வேண்டாங்க்கா. அவருக்குப் போடணும்" என்று கட்டிலருகே உட்கார்ந்து, தன் கையாலேயே பிசைந்து பெரியவருக்கு ஊட்டினான். அதன்பின் ஒரு வாரம் தவறியதில்லை. இவர்கள் போட்டது பாதி, அவன் போட்டது பாதி என்று சாப்பிட்டுப் பெரியவர் கரைந்தார். முனகல் நின்றது. ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து, போர்வையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி இறங்கினார். கடைசி வரை வாரம் தவறாமல் சாப்பிட்டவர் என்பதால் படியில் தடம் விழவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அன்றே பஸ் ஏறிப் போய் மகளைக் கூட்டி வந்தார் மெக்கானிக். அவளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. வீட்டுக்குள் வந்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், நேராகத் தன் கட்டிலுக்குப் போய்ப் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டில் இல்லை. கால் இரண்டும் வெளியே தொங்கின. அப்பாவும் அம்மாவும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு வருஷம் அவர்கள் பார்க்காமல் வளர்ந்த கால்கள். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். மகள்தான் எழுந்து வந்து, "அதுக்கு எதுக்கும்மா அழற? வேற கட்டில் வாங்கலாம். நம்ம வீட்டுல இடமா இல்ல, இப்பதான் நிறைய இருக்கே" என்றாள். நம்ம வீடு என்றதை அம்மா கேட்டாள். கேட்டபின் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கட்டில் வாங்கக் கையில் பணம் இல்லை. நாற்காலி, கட்டில் விற்கிற கடைக்காரர் தவணை கேட்டவுடன் வழக்கம்போலக் கிளம்பி வந்தார், வழக்கம்போல வாசலில் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தார். படியில் படி மட்டும் இருந்தது. "நாளைக்கு அனுப்பறேன் சார்" என்றார். மறுநாள் நீளமான தேக்குக் கட்டில் வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை என்பதால் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். முன்பக்கம் கடைப்பையன் பிடித்திருந்தான், பின்பக்கம் கட்டிலின் கடன் பிடித்திருந்தது. மூச்சு வாங்க வந்து நின்ற அது ஒரு நடுத்தர வயது ஆள், துவைத்த சட்டை, பயந்த முகம். "ஒரு வருஷம் இருப்பேங்க. அதுக்கு மேல இருக்க மாட்டேன்" என்று கேட்காமலே சொன்னது. எங்கே படுப்பீர்கள் என்று மகள் கேட்டாள். எங்கேயாவது ஒரு ஓரத்தில் என்றது. அவள் பழைய கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று பகலில் நான்கு தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் மகள் தூங்கப் போனாள். மெக்கானிக் ஒரு தரம் போய் எட்டிப் பார்த்தார். கட்டிலில் தூங்குவது மகள்தான். திரும்பி வந்து உட்கார்ந்தார், இருப்புக் கொள்ளவில்லை, மறுபடி எழுந்து போய்ப் பார்த்தார். மகள்தான், கால் இரண்டும் மெத்தைமேல் இருந்தன. மூன்றாம் தரம் எழுந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. கூடத்தில் படுத்திருந்த புதுக் கடன் தலையைத் தூக்கி, உதட்டில் விரல் வைத்து, "மெதுவாங்க, பிள்ள தூங்குது" என்றது. சரி என்று தலையாட்டிவிட்டு, மெக்கானிக் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.