மைக்கில் விழுந்த இருமல்

கவரைப்பேட்டைப் பக்கத்தில் ஜெயராஜின் முகத்தைவிட அவர் குரல்தான் அதிகம் பேருக்குப் பழக்கம். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, துணிக்கடைத் தள்ளுபடி, மாதா கோயில் தேர், பிரியாணிக்கடைத் திறப்பு என்று எதைக் கொடுத்தாலும் ஊர் கேட்கச் சொல்லிவிடுவார். பதிவுசெய்ததைப் போட்டுவிட்டுச் சும்மா ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஆளைப் பார்த்துப் பேசினால்தான் ஆள் காது கொடுப்பான் என்பது அவர் கட்சி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பணியாளராக இருந்த மெர்சி, எக்ஸ்ரே வண்டி வருவதை ஊருக்குச் சொல்ல அவரைத்தான் பிடித்தாள். ஷிப்ட் விடும் நேரம் பார்த்து முஸ்தபா பாய் டீக்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்திய ஜெயராஜ், "ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா?" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். அவ்வளவுதான், அவருக்கே இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்க அது பொங்கியது. மைக்கை அணைக்கவும் கை வரவில்லை. கடைத்தெரு முழுக்க அந்த இருமல் முழங்கியது.

கம்பி மில்லிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மொத டோக்கன் ஒனக்குத்தான் ஜெயராஜு" என்றார் முஸ்தபா பாய். ஜெயராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனசு சரியாக இல்லை. அந்த இருமல் இன்று நேற்று வந்ததல்ல. தொண்டையை விற்றுப் பிழைக்கிறவனுக்கு இருமல் வராமல் வேறென்ன வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வந்திருந்தார். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறதே, சட்டை தோளில் தொங்குகிறதே என்று மனைவி சுகிர்தா கேட்டபோதும், ஒரு சிரப் பாட்டிலைக் காட்டி அவள் வாயை அடைத்திருந்தார்.

சனிக்கிழமை வண்டி வந்தது. நாற்காலி போட்டு, பந்தல் கட்டியும் ஆள்தான் வரவில்லை. எதிர்ச்சாரியில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நோய் என்று தெரிந்தால் காண்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு. மெர்சி ஆட்டோ அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, நீங்க ஏறுனா உங்க பின்னாலயே ஏறுவாங்க."

இருமலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அதைக் கேட்டிருப்பாள் என்பது ஜெயராஜுக்குத் தெரிந்தது. ஊசி கிடையாது, வலி கிடையாது, இதோ நானே போகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். இறங்கும்போது வாசலில் வரிசை நின்றிருந்தது. மாலையில் வண்டிக்காரர்களே போதும் என்று சொல்லும்படி ஆயிற்று.

பிறகு சளிப் பரிசோதனையும் முடிந்து, மெர்சியே வீட்டுக்கு வந்தாள். காசநோய்தான். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும், மாத்திரை இலவசம்தான் என்றாள். ஊரில் யாருக்காவது தெரியுமா என்பதுதான் ஜெயராஜ் கேட்ட முதல் கேள்வி. தன் வாயிலிருந்து யாருக்கும் போகாது என்று மெர்சி உறுதி சொன்னாள். சுகிர்தா அழுவாள் என்று அவர் பயந்திருந்தார். அவளோ, "மாத்திரைய நானே எடுத்துத் தர்றேன். மறந்துட்டன்ற பேச்சே வரக்கூடாது" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை.

மாத்திரை ஆரம்பித்த உடனே சிறுநீர் சிவப்பாகப் போனதில் அவர் நடுங்கிப்போனார். மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று மெர்சி போனில் சிரித்தாள். வாரங்கள் போகப் போக சாயங்காலக் காய்ச்சல் நின்றது, பசி திரும்பியது. சுகிர்தா வைக்கும் மீன் குழம்புக்குத் தட்டோடு காத்திருக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் மாத்திரை வாங்கப் போனபோது சுகாதார நிலையத்தில் மெர்சி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். முகாமுக்கு வந்தவர்களில் ஒருவருக்கு நோய் உறுதியாகியும், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து மருந்துக்கு வரவில்லையாம். யார் என்று அவள் சொல்லவில்லை, ஜெயராஜும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் யோசித்தார். சுகிர்தாவிடம் சொன்னார். உனக்குச் சரியென்று பட்டால் செய் என்றாள் அவள்.

ஷிப்ட் விடும் நேரம். முஸ்தபா பாய் கடை முன்னால் மைக்கை எடுத்தார்.

"அன்னிக்கி நான் இருமனப்ப சிரிச்சீங்களே, அது டீபிதான். மாத்திர சாப்ட்டுக்கினு இருக்கேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாஷ்டா நல்லா எறங்குது, வேலைக்கும் வந்துக்கினுதான் இருக்கேன். தெரிஞ்சும் ஊட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினா, அதான் பேஜாரு."

கடையில் பேச்சு நின்றது. மைக்கை வைத்தார். இருந்தாலும் இறங்கிக் கடைக்குப் போனார். ஓரிருவர் எழுந்து போனதைக் கவனித்தார். முஸ்தபா பாய் எல்லாருக்கும் கொடுக்கிற கண்ணாடி கிளாசிலேயே டீயை ஊற்றி நீட்டினார்.

"குடி, ஆறிடப்போவுது" என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஜெயராஜ் உட்கார்ந்தார். அன்றைய டீ மாதிரி ஒரு டீயை அவர் அதற்குமுன் குடித்ததே இல்லை.

அடுத்த வாரம் பெட்ரோல் பங்கில் கம்பி மில் கிரேன் ஓட்டுநர் வரதன் அவரை ஓரமாக அழைத்தார். "மாத்திர சாப்ட்டுக்கினே வேல செய்ய முடியுதா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். மெர்சி சொன்ன ஆள் இவர்தானா என்று ஜெயராஜ் கேட்கவில்லை.

"முடியுது வரதா. ஏறு, போலாம்" என்றார். சுகாதார நிலையம் போகும் வழியில் இருவரும் மில்லைப் பற்றி, மழையைப் பற்றி, எதையெதையோ பேசிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்ததும் மெர்சி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கடைசி மாத்திரையும் முடிந்து, பரிசோதனையில் நோயில்லை என்று வந்த மாதத்தில், அத்திப்பட்டு முகாமுக்கும் ஜெயராஜையே அறிவிக்கச் சொன்னார்கள். சுகிர்தாவும் கூடக் கிளம்பினாள். வேலை முடிந்ததும் அப்படியே பழவேற்காடு போய் இறால் வாங்கிவர வேண்டும் என்பது அவள் நிபந்தனை. ஜெயராஜுக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. பின் சீட்டில் பையோடு அவள் ஏறி உட்கார, அவர் ஆட்டோவைக் கிளப்பினார்.