ஐந்தாம் மாடிக் கடைமடை

மேட்டூர் அணை நிரம்பியதை பர்மாவின் யாங்கூனில் கொண்டாடியே தீர வேண்டும் என்று முடிவு செய்தவர் நல்லையா. நகரின் தாமுவே பகுதியில் எங்கள் ஐந்து மாடிக் கட்டிடத்தின் தலைவர் அவர், குடியிருப்பது கீழ்த்தளத்தில். மேட்டூரை அவர் பார்த்ததில்லை. இந்தியாவுக்கே ஒருமுறைதான் போனார். சென்னையில் பல் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் கைபேசியைப் பார்த்து, அணையின் நீர்மட்டத்தை வாசல் கரும்பலகையில் எழுதுவார். மட்டம் குறைந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்துத் துக்கம் விசாரித்தவர்கள் உண்டு.

கட்டிடத்துக்கு ஒரே மோட்டார், ஒரே வால்வு. இடப்பக்கம் திருப்பினால் தண்ணீர் நல்லையாவின் தொட்டிக்கு. வலப்பக்கம் திருப்பினால் மொட்டைமாடித் தொட்டிக்கு, அதாவது மற்ற எல்லாருக்கும். வால்வின் சாவி நல்லையாவின் இடுப்பில். கரண்ட் இருப்பதோ நாளுக்கு நாலு மணி நேரம். அவருடைய தொட்டி நிறைந்து, செடிகள் நனைந்து, கார் குளித்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

ஐந்தாம் மாடிக் கமலாட்சி வீட்டில் இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை பக்கத்துப் பகுதியான தின்கன்ஜூனில் ஒரு கல்யாணத்துக்கு அறுநூறு இட்லி போக வேண்டும். மதியத்துக்குள் அரிசி ஊறாவிட்டால் ஆர்டரும் போச்சு, பெயரும் போச்சு. காலையிலேயே இறங்கி வந்து கேட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மேல திருப்பி விடுங்களேன்."

"முதல்ல நம்ம தொட்டி நிறையட்டும்மா. உபரி இருந்தா மேலதானே வரப்போகுது?"

பதினொரு மணிக்கு விழா. நாற்பது நாற்காலி, மாலை போட்ட அணைப் படம், பேட்டரி மைக். நல்லையா முழங்கினார்:

"மேல இருக்கிறவன் தன் அணையை ரொப்பிக்கிட்டு மிச்சத்தைத் திறந்து விடுறது நியாயமா? உபரித் தண்ணி பிச்சை! கடைமடைக்காரனுக்குத்தான் முதல் உரிமை!"

கைதட்டல் ஓய்வதற்குள் மணிச்சத்தம். எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் மணி கட்டிய கயிறு ஒன்று தொங்கும். பேப்பரும் காய்கறியும் மாடி ஏறுவது அதில்தான். ஐந்தாம் மாடிக் கயிற்றில் ஒரு காலிக் குடம் இறங்கி வந்து, நல்லையாவின் மூக்குக்கு நேரே நின்று ஆடியது.

"அண்ணே!" மேலிருந்து கமலாட்சி கத்தினாள். "கடைமடை பேசுறேன்!"

"என்னம்மா இது, கூட்டம் நடக்குது..."

"உபரி பிச்சைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது காவேரிக்குச் சொன்னதும்மா!"

முன்வரிசையில் இருந்த நாலாம் மாடி சைதா எழுந்து, பர்மிய மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்த்தே கேட்டாள். "காவேரிக்கு ஒரு நியாயம், குழாய்க்கு ஒரு நியாயமா, ஊ நல்லையா? சாவிய எடுங்க."

கைதட்ட வந்த கூட்டம் இதற்குத்தான் மனதாரக் கைதட்டியது. நல்லையா உதவிக்கு அணைப் படத்தைப் பார்த்தார். அது மாலையோடு பேசாமல் இருந்தது.

"மக்களுக்காக இதோ மதகைத் திறக்கிறேன்!" என்று, ஏதோ தானே திட்டமிட்டு வைத்திருந்ததைப்போல அறிவித்து, வால்வை வலப்பக்கம் திருப்பினார்.

சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. "மீ லாபீ!" என்று கரண்ட் வந்த சேதியைப் பர்மிய மொழியில் தெருவே கூவியது. மோட்டார் முக்கி முனகி ஓடத் தொடங்க, அத்தனை பேரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். கால் மணி கழித்து மறுபடி மணிச்சத்தம். இந்தமுறை குடம் தளும்பத் தளும்ப இறங்கியது. பாதித் தண்ணீர் அணைப் படத்தில், மீதி நல்லையாவின் பட்டுச் சட்டையில்.

"கடைமடைக்கு வந்து சேந்துடுச்சுண்ணே! அரிசி ஊறப் போட்டாச்சு. இது உங்களுக்கு, உபரி!"

மறுநாள் விடிகாலை அறுநூறு இட்லியும் அதே கயிற்றில், கூடை கூடையாக இறங்கின. வால்வுச் சாவி முந்தின நாளே அதில் ஏறி மேலே போய், அங்கேயே தங்கிவிட்டது.