ஆறாவது தட்டு

அடைகாப்புப் பெட்டியின் கதவைத் தொட்டதுமே அண்ணி கையை இழுத்துக்கொண்டாள். கதகதவென்று இருக்க வேண்டிய கதவு சில்லிட்டிருந்தது. உள்ளே ஐந்து தட்டு நிறைய முட்டைகள், பொரிக்கிற வாரம்.

"நேத்துதானே புது புரோகிராம் ஏத்தின? குஞ்சுங்களுக்கு ஏதாவது ஆச்சு, உன்னையே அடைகாக்க உட்கார வச்சிடுவேன்," என்றாள் நாத்தனாரான சின்னவளிடம். சிரிப்பில்லாமல் சொன்னாள்.

பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய கருவி எரிந்துபோனதால், சின்னவள்தான் புதியதற்கு சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதியிருந்தாள். "கம்பளியச் சுத்துங்க அண்ணி, பாக்குறேன்," என்று அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

இருக்க வேண்டிய சூடு முப்பத்தேழரை என்று ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தாள். வேறு எந்த வரியும் அதைத் தொடவில்லை. ஆனால் திரையில் அது இருபத்திரண்டு என்று நின்றது. தொடாமலே மாறுவதற்கு இதென்ன பேய் வீடா?

கடைசியில், ஒவ்வொரு மதிப்பும் நினைவகத்தில் எங்கே குடியிருக்கிறது என்று முகவரிகளை அச்சிடச் சொன்னாள். ஐந்து தட்டுகளின் சூடும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. அவற்றுக்கு ஒட்டின அறையில், சுவரோடு சுவராக, அந்த முப்பத்தேழரை குடியிருந்தது.

அவள் பார்வை தட்டுகளின் பக்கம் போனது.

தட்டுகளில் அண்ணி சாக்பீஸால் ஒன்று முதல் ஐந்து வரை எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபடியே சின்னவள் 'ஐந்து வரை சுற்று' என்று தட்டியிருந்தாள். சி மொழியோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். பூஜ்யம் முதல் ஐந்து வரை என்றால் ஆறு. இல்லாத ஆறாவது தட்டுக்கும் சூடு பார்க்கப் போன கருவி, கம்பியே செருகாத ஓட்டையில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை எடுத்துவந்து அடுத்த அறையில், முப்பத்தேழரையின் மேலேயே எழுதிவிட்டது. இருபத்திரண்டு சூடே போதும் என்று நம்பிப் பெட்டியைக் குளிரவிட்டது.

"தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அது?"

"சொல்லாது அண்ணி. அது யாரு வீடுன்னு கேக்கவே கேக்காது. எழுதுன்னா எழுதிடும்."

சொல்லிவிட்டுச் சின்னவள் திரையையே பார்த்தாள். இத்தனை நாள் எழுத்துகளைத்தான் எழுதுகிறோம் என்று நினைத்திருந்தாள். ஓர் எண் கூடியதற்கு ஒரு கதவு குளிர்ந்துவிட்டது. இவ்வளவு கேள்வி கேட்காமல் தன்னை நம்புகிற ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

'ஐந்துக்குக் குறைவாக இருக்கும்வரை' என்று மாற்றி ஏற்றினாள். முப்பத்தேழரை அசையாமல் நின்றது. கதவு மெல்லச் சூடேறியது. இருவரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் தாழும் நேரத்தில், மேல்தட்டிலிருந்து ஒரு கீச்சுக் குரல் கேட்டது. ஓடு விரிசல் விட்டிருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் அந்தத் தட்டில் எழுதியிருந்த 'ஒன்று' என்ற எண்ணைத் துடைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.